பரமநாதன் வீட்டுப் பின்னறை

வாடகை வீட்டு ஏஜென்டைக் கண்டு முகம் மலர்ந்தவரை நான் இன்றுவரை கண்டதில்லை. வாசலில் எங்கள் கார் நின்றால் குடியிருப்பவர் திரைச்சீலையை இழுத்து மூடுவார். ரெலிபோனில் எங்கள் குரல் கேட்டால் வீட்டுக்காரர் பெருமூச்சு விடுவார். எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் வந்திறங்கிய நான், கொழும்பில் வங்கியில் வேலை பார்த்த அனுபவத்தை இங்குள்ள ஒவ்வொரு வங்கியிலும் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லோரும் அழகாகச் சிரித்து அனுப்பிவைத்தார்கள். கடைசியில் ஸ்பிரிங்வேலில் ஒரு சிறிய ஏஜென்சியில் வாடகைப் பகுதியைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. சிவசோதி என்ற பெயரைச் சிவா என்று நறுக்கி மேசையில் உட்கார்த்தினார்கள்.

வாடகைக்கு வீடு விட்டுப் பட்டவர்களும் வாடகைக்கு இருந்து பட்டவர்களும்தான் இதை வாசிப்பீர்கள். சந்தோஷமாக இருப்பவர்களுக்கு இந்தப் பக்கம் வேலை இல்லை. அந்த மேசையில் இருந்து நான் கண்டதில் சிலதைச் சொல்கிறேன். பாதிக்கு மேல் ஒரே வீட்டைப் பற்றியதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வீடு இன்னும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

முதலாளி சொன்ன சட்டம்

கென் எங்கள் முதலாளி. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். லைசென்ஸ் அவருடைய பெயரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. அதன் தயவில் பிழைத்த ஆள் நான். வேலையில் சேர்ந்த உடனேயே, எல்லா வீட்டுக்காரரும் கேட்கும் கேள்வியை என்னிடமும் கேட்டார்கள். "என் வீட்டைப் பார்க்க ஏஜென்ட் கட்டாயம் வேண்டுமா?" ஆம் என்றால் எங்களுக்குப் பிழைப்பு. ஆனால் கென் இந்த விஷயத்தில் நேர்மையான மனிதர். வேண்டாம் என்றே சொல்வார். சொந்த வீட்டைச் சொந்தக்காரர் தானே வாடகைக்கு விடலாம், தானே வாடகை வாங்கலாம், கூரை ஒழுகினால் தானே ஏறி விழலாம். நண்பரோ உறவினரோ அன்புக்காகப் பார்த்துக் கொடுத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். மற்றவருடைய வீட்டை ஒருவர் கூலிக்குப் பார்த்தால்தான் லைசென்ஸ் வேண்டும். அந்தக் கூலி காசாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எதுவாக இருந்தாலும் கூலி கூலிதான்.

என் முழியைப் பார்த்து இது மண்டையில் ஏறவில்லை என்று கண்டுகொண்ட கென் சொன்னார்: "உன் பல்லை நீயே பிடுங்கலாம், சிவா. பக்கத்து வீட்டுக்காரனின் பல்லைக் கூலிக்குப் பிடுங்கினால்தான் போலீஸ் வரும்."

சாவியோடு வந்த தாய்

ஒரு வெள்ளைக்கார அம்மா, அறுபது வயது இருக்கும், ஒரு மழை நாளில் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். வருஷக்கணக்காகத் தன் சிறிய வீட்டைத் தானே வாடகைக்கு விட்டு வந்தவர். அப்படியிருக்க இப்போது எதற்கு ஏஜென்ட் என்று, முதலாளியிடம் கற்ற நேர்மையோடு கேட்டேன். குடியிருப்பவன் குடித்துவிட்டுச் சுவரைக் குத்துகிறான், ஜன்னலை உடைக்கிறான், அக்கம்பக்கம் தூங்க முடியவில்லை, அவனை வீட்டை விட்டு எழுப்ப வேண்டும் என்றார். பெயரைக் கேட்டு எழுதினேன். அவருடைய குடும்பப் பெயரும் அவனுடைய குடும்பப் பெயரும் ஒன்றாக இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் குடையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார்.

நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது என் தலையில் விழுந்தது. கதவைத் திறந்தவன் என்னைவிட இளையவன். அடிப்பான் என்று ஒரு காலைப் படிக்கட்டில் தயாராக வைத்துக்கொண்டுதான் நின்றேன். அவன் வாசித்தான், மடித்துச் சட்டைப் பையில் வைத்தான், மெதுவாகக் கேட்டான்: "அம்மா சுகமாக இருக்கிறாரா? இதை அவரே வந்து சொல்லியிருக்கலாமே."

பின்னறைக்காரர்

எழுபதுகளில் ஸ்பிரிங்வேல் காய்கறிக் கடையில் இரண்டு கறுத்த முகங்கள் சந்தித்தால் பேசாமல் போக முடியாது. அப்படித்தான் துரைசிங்கம் அண்ணை எனக்குப் பழக்கமானார். ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். இங்கே டாண்டினோங்கில் தகர டப்பா செய்யும் தொழிற்சாலையில் வேலை. மனைவி மகேஸ்வரி யாழ்ப்பாணத்தில். இளைய மகளின் கல்யாணம் முடிந்ததும் அவரை இங்கே கூப்பிடுவது என்ற ஒரே நினைப்பில் துரை அண்ணை வாழ்ந்துகொண்டிருந்தார். மகள்களுக்கு அனுப்பியது போக மிஞ்சுவதில் தனி வீடு எடுக்க வழியில்லை. ஆனால் மனைவி வந்தால் இருக்க ஓர் இடம் இருந்தது. அதுதான் பரமநாதன் வீட்டுப் பின்னறை.

பரமநாதன் என்ஜினியர். ஸ்பிரிங்வேலில் வீடு வாங்கிய கையோடு சாம்பியாவில் பெரிய வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார். முன் வீட்டை கிரெக் என்ற லாரி டிரைவர் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார். கொல்லைப்புறத்தில் தனியாக நின்ற அறையை, "அண்ணை, நீங்கள் இருங்கோ" என்று துரை அண்ணையிடம் கொடுத்தார். வாடகை என்ற பேச்சே இல்லை. துரை அண்ணை விடுவாரா? கிரெக்கிடம் வாடகை வாங்கி பரமநாதனின் கணக்கில் போடுவது, புல் வெட்டுவது, கூரைத் தண்ணீர் ஓடும் பீலி அடைத்தால் ஏறித் துப்புரவாக்குவது எல்லாம் தன் வேலை என்று எடுத்துக்கொண்டார். ஒழிந்த நேரத்தில் அறைக்கு வெளிர்நீலத்தில் வர்ணம் பூசினார். பழைய சாமான் கடையில் இரட்டைக் கட்டிலும் இரண்டு கதிரையும் வாங்கிப் போட்டார். ஒன்றில் தான் இருப்பார். மற்றதில் என்னைக்கூட இருக்க விடமாட்டார். நான் கட்டில் விளிம்பில்தான் இருக்க வேண்டும்.

அவர் சொன்ன ஒழுங்கைக் கேட்டதும் எனக்குக் கென்னின் பல் உதாரணம் நினைவுக்கு வந்தது. அறையையும் வேலையையும் சேர்த்து வெளியில் பேச வேண்டாம், சிநேகிதத்துக்குச் செய்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. "அதென்ன தம்பி, ஒளிச்சுக் கதைக்க? முன் வீட்டைப் பாக்கிறது என்ரை வேலை. பின்னறை அதுக்குக் கூலி. ஒருத்தருக்கும் ஒருத்தர் கடமைப்படேல்லை."

கிரெக்கின் கேள்வி

சனிக்கிழமை காலையில் துரை அண்ணை கறுப்புக் கோட்டும் டையும் அணிந்து, கொல்லையிலிருந்து வீட்டைச் சுற்றி நடந்து போய், முன்கதவைத் தட்டி வாடகை வாங்குவார். பின்கதவு நாலடியில் இருக்கிறதே என்றால், உத்தியோகத்துக்கு ஒரு முறை இருக்கிறது என்பார். கிரெக் அதை ரசித்தான். ஸ்டேஷன் மாஸ்டர் என்றே கூப்பிடுவான். இரண்டு பேரும் படியில் நின்று மழையைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு கிரெக்கின் லாரிக் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. வாடகை தள்ளித் தள்ளிப் போயிற்று. துரை அண்ணை பொறுத்தார், தன்மையாகக் கேட்டார், மறுபடி பொறுத்தார். பரமநாதன் நம்பி ஒப்படைத்த வீடு என்ற எண்ணம் அவரை அரித்தது. கடைசியில் வீட்டை விடச் சொல்லி நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார். கிரெக் எழும்பவில்லை. துரை அண்ணை பரமநாதனின் சார்பில் கோர்ட்டுக்குப் போனார்.

இருவர் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவனுக்கு வீடு போகப் போகிறது, மற்றவருக்கு வாக்குப் போகப் போகிறது. கிரெக் இலவசமாகச் சட்டம் சொல்லும் ஒரு வக்கீலிடம் போனான். வக்கீல் கேட்ட முதல் கேள்வியை அவன் அப்படியே கொண்டுவந்து, எங்கள் அலுவலக வாசலில் வைத்து என்னிடம் கேட்டான்: "அவர் வீட்டுக்காரரும் இல்லை, ஏஜென்டும் இல்லை. அப்படியானால் சனிக்கிழமை சனிக்கிழமை என் கதவைத் தட்டுகிற அந்த மனிதர் யார்?"

ஒரேயொரு பதில்

துரை அண்ணையைக் கென்னிடம் கூட்டிப்போனேன். கென் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். இந்த வேலைக்கு ஏதாவது பெறுகிறீர்களா என்று கோர்ட்டில் ஒரு கேள்வி வரும். ஒன்றும் இல்லை, அறை சிநேகிதன் அன்பாகத் தந்தது, உதவி நான் அன்பாகச் செய்வது, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சொல்ல வேண்டும். அது பொய்யும் இல்லை. பரமநாதன் அதைக் கூலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவ்வளவுதான், வீட்டுக்குப் போய்த் தேநீர் குடிக்கலாம். துரை அண்ணை தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். சம்மதித்துவிட்டார் என்று நான் மனதுக்குள் ஆறுதல்பட்டேன்.

திரும்பி வரும்போது கார் ரயில்வே கடவையில் நின்றது. அவர் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது போய் முடிந்த பிறகு என் பக்கம் திரும்பினார். "ஓசியிலை இருக்கிறன் எண்டு சனத்துக்கு முன்னாலை என்னைச் சொல்லச் சொல்லுறீரோ? நாளைக்கு மனிசி வந்து கேட்டால் நான் எந்த மூஞ்சையோடை நிக்கிறது, தம்பி?"

கோர்ட்டில்

நீதவான் நல்ல மனிதர். கிழமைக்கு எத்தனையோ பேரின் பொய்யைக் கேட்டுக் களைத்த முகம். கறுப்புக் கோட்டில் சத்தியம் செய்து நின்ற துரை அண்ணையை அவருக்குப் பிடித்துப்போயிற்று என்றே நினைக்கிறேன். இந்த வேலைக்குப் பிரதியாக ஏதும் பெறுகிறீர்களா என்று கேட்டார். ஆம் ஐயா, தங்குவதற்கு அறை, என்றார் துரை அண்ணை. நீதவான் பேனாவை வைத்துவிட்டு, கேள்வியை இன்னும் இலகுவாக்கினார். நண்பர் அறையைச் சும்மாதானே தந்தார்? நீங்கள் வேலை செய்யாவிட்டாலும் இருந்திருக்கலாம் அல்லவா? கதவைத் திறந்துவைத்து, இந்தப் பக்கம் வாருங்கள் என்று கை காட்டியது போலத்தான் இருந்தது. துரை அண்ணை நிமிர்ந்து, ரயில்வே ஆங்கிலத்தில், தான் யாருடைய தயவிலும் இருப்பவன் இல்லை என்றும் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் உழைப்பால் கொடுத்து வந்தவன் என்றும் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

கிரெக்கின் வக்கீலுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசத் தேவையிருக்கவில்லை. கிரெக் சந்தோஷப்படவில்லை, சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். லைசென்ஸ் இல்லாமல் கூலிக்கு வீடு பார்க்க முடியாது, சொந்தக்காரர் தானே வர வேண்டும் அல்லது லைசென்ஸ் உள்ள ஏஜென்டை வைக்க வேண்டும் என்று சொல்லி, நீதவான் வழக்கைத் தள்ளினார். துரை அண்ணையைத் தண்டிக்கவில்லை. இனி அந்தக் கதவைத் தட்ட வேண்டாம் என்றார். வெளியே வந்த கென் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடி போட்டுக்கொண்டார். "தப்பிக்கப் பொய் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன், சிவா. தப்பிக்க உண்மையே இருந்தும் வேண்டாம் என்ற ஆளை இன்றைக்குத்தான் பார்த்தேன்."

சாம்பியாவிலிருந்து ஒரு குரல்

பரமநாதன் டிரங்க் கோல் போட்டு எங்கள் அலுவலகத்துக்குப் பேசினார். வீட்டைக் கென் பார்க்கட்டும், துரை அண்ணை பின்னறையில் அப்படியே இருக்கட்டும், ஒரு வேலையும் செய்ய வேண்டாம் என்றார். சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை. சிநேகிதன் வீட்டில் சிநேகிதன் இருப்பதற்கு யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஓடினேன். துரை அண்ணை கதிரையில் இருந்து கேட்டார். "கூலிக்கு இருந்தனான் எண்டு சத்தியம் பண்ணிச் சொன்னனான். இனி வேலையில்லாமல் இருந்தால் அந்தச் சத்தியம் என்னெண்டு நிக்கும்? வாடகை வாங்கச் சொல்லும். தருவன்." கையில் மிஞ்சுகிற அந்தக் கொஞ்சத்துக்கு அந்த அறை கட்டுப்படியாகும் என்றும் சொன்னார். இதுவும் நல்ல வழிதான் என்று, அடுத்த கோலில் பரமநாதனிடம் சொன்னேன்.

அவ்வளவு தொலைவிலிருந்தும் அவர் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது. "படிக்கிற காலம் முழுக்க அவரின்ரை ரயில்வே குவாட்டர்சிலை, அவரின்ரை மனிசி சமைச்ச சோத்தைத் திண்டு வளந்தனான். ஒரு சதம் வாங்கினவையே? அவரிட்டை நான் வாடகை வாங்கினால் மனிசனோ, சொல்லும்!" வாடகை வாங்காவிட்டால் துரை அண்ணை போய்விடுவார் என்றேன். வாடகை தந்தால் இனி முகத்தில் விழிக்க மாட்டேன் என்றார். இருவரும் இளகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துரை அண்ணை ஒரு பெட்டியோடு டாண்டினோங்கில் ஆண்கள் மட்டும் தங்கும் விடுதிக்குப் போனார். கட்டிலுக்கும் கதிரைக்கும் அங்கே இடமில்லை. நான் இதைக் கென்னுக்கு விளக்க அரைநாள் பிடித்தது. "ஒருவன் கொடுக்கிறேன் என்கிறான். மற்றவன் வேண்டாம் என்கிறான். அதனால் அறை காலி. என்னிடம் இருக்கிற லைசென்ஸ் இதற்குப் போதாது."

நற்சான்று

மனைவி வருவதற்குள் ஓர் அறையாவது எடுக்க வேண்டும் என்று துரை அண்ணையும் நானும் சனிக்கிழமைகளில் அலைந்தோம். சில வாசல்களில் முகத்தைப் பார்த்ததுமே, இப்போதுதான் ஆள் வந்துவிட்டது என்றார்கள். அதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். முகத்தைப் பொருட்படுத்தாதவர்கள், முன்பு எங்கே வாடகைக்கு இருந்தீர்கள் என்று கேட்டார்கள். எங்கும் இருந்ததில்லை. முன்னைய வீட்டுக்காரரின் நற்சான்று? எங்கள் பட்டியலில் இருந்த வீட்டுக்காரர்களும் அதையே கேட்டார்கள். கென் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வீட்டுக்காரரைச் சமாளிக்கத் தயாராக இருந்தார். துரை அண்ணை அதற்கு விடவில்லை. தன்னால் எங்கள் லைசென்ஸுக்குப் பழுது வரக்கூடாதாம்.

பரமநாதனிடம் நற்சான்று கேட்டோம். கோபத்திலும் உடனே எழுதி அனுப்பினார். இவர் எனக்கு உடன்பிறவாத அண்ணன், இவர் என் வீட்டில் வாடகை தந்ததில்லை, தந்தாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன் என்று. எங்கள் தட்டச்சுக்காரி பெரில், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைத் திருப்பித் தந்தாள். "எனக்கு இப்படி எழுத ஒருவரும் இல்லை, சிவா. ஆனால் இதைக் காட்டினால் இந்த ஊரில் ஒரு நாய்க்கூடும் கிடைக்காது."

தூண்டில்கள்

கிரெக்குக்கு வேலை மறுபடி கிடைத்தது. பாக்கியைத் தீர்த்தான். பின்னறையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டான். பரமநாதன், உங்கள் விருப்பப்படி செய்யுங்கள், அந்த அறையைப் பற்றி இனி என்னிடம் பேசாதீர்கள் என்றுவிட்டார். வீட்டைப் பார்வையிடப் போனபோது கிரெக் அறையைத் திறந்து காட்டினான். வெளிர்நீலச் சுவரில் மீன் பிடிக்கும் தூண்டில்கள் வரிசையாகச் சாத்தியிருந்தன. இரட்டைக் கட்டிலில் வலைகள். ஒரு கதிரையில் பெயின்ட் தகரம். மற்றதில் அவனுடைய நாய் படுத்திருந்தது. சுவரில் ஈரக்கசிவு உண்டா என்று தடவிப் பார்ப்பது என் வேலை, தடவினேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. என் முகத்தில் எதைக் கண்டானோ, கிரெக் நல்ல மனதோடுதான் சொன்னான்: "அருமையான அறை, சிவா. வெளிச்சம், சூடு, எல்லாம் இருக்கிறது. ஆட்களே இருக்கலாம், தெரியுமா?"

விமான நிலையம்

இளைய மகளின் கல்யாணம் முடிந்து, துரை அண்ணையின் மனைவி மகேஸ் அக்கா வந்தார். விசாவுக்கு எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தோம். ஆகவே எங்கள் வீட்டுக்கே வந்தார். எனக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் போதுமான சின்ன வீடு. துரை அண்ணையையும் வந்து இருக்கச் சொல்லி என் மனைவி கெஞ்சினாள். பெண் ஒருத்தி விருந்தாக நிற்கலாம், நானும் வந்தால் குடும்பமாகக் குடியேறினது ஆகிவிடும் என்று மறுத்தார். புருஷன் டாண்டினோங்கில், மனைவி ஸ்பிரிங்வேலில். சனிக்கிழமைகளில் கோட் போட்டுக்கொண்டு வருவார். எங்கள் கதிரையில் விருந்தாளி மாதிரி இருந்து சாப்பிடுவார். பிறகு இருவரும் தெருவைச் சுற்றி நடப்பார்கள். பஸ் நிறுத்தம் வரை போய் வழியனுப்பிவிட்டு அக்கா தனியாகத் திரும்பி வருவார். அதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. வந்த சில நாட்களிலேயே அக்கா பின்னறைக் கதை முழுவதையும் என் வாயிலிருந்து கறந்துவிட்டார். கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

குளிர்காலம் முழுக்க அறை தேடினோம். இதோ கிடைக்கும், அதோ கிடைக்கும் என்றிருக்கையில் மூத்த மகளின் பிரசவத்துக்கு வரச் சொல்லிச் செய்தி வந்தது. அக்கா புறப்பட்டார். போயிட்டு வா, நீ திரும்பிறதுக்குள்ளை அறை எடுத்து வைக்கிறன் என்று துரை அண்ணை சொல்லிக்கொண்டே இருந்தார். விமான நிலையத்தில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகு அக்காவை நாங்கள் காணவில்லை. பேரனைக் கையில் வாங்கிய மாதத்திலேயே, நெஞ்சு வலி என்று படுத்தவர் எழும்பவில்லை என்று தந்தி வந்தது. கல்யாணம் முடித்த இருவருக்கு இந்த நாட்டில் ஒரு கூரையின் கீழ் ஓர் இரவு கிடைக்கவில்லை. நல்லவர்கள் இரண்டு பேர் சேர்ந்து இதைச் செய்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் கோபமும் அழுகையும் ஒன்றாக வருகிறது.

அன்று விமான நிலையத்தில் உள்ளே போவதற்கு முன் அக்கா புருஷனின் கோட்டுக் கழுத்தைச் சரிசெய்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை. சோறு போதுமா என்று கேட்கிற அதே தொனியில்தான் பேசினார். "இஞ்சருங்கோ, பரமுவுக்குச் சமைச்சுப் போட்டது நான். அந்த அறை என்ரை சோத்துக்கு வந்தது. நீங்கள் வேண்டாம் எண்டியள், அவன் வாடகை வாங்கமாட்டன் எண்டான். உனக்கு என்ன வேணும் எண்டு ரெண்டு பேரிலை ஒருத்தராவது என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டியளே?"

வீட்டுக்காரர் எப்போது லைசென்ஸ் உள்ள ஏஜென்டைத் தேட வேண்டும் என்று இப்போதும் என்னைக் கேட்கிறவர்களுக்கு, சட்டப்படி இன்னொருவர் கூலி வாங்கும்போது என்றும், என் அனுபவப்படி இரண்டு சிநேகிதர்கள் ஒருவருக்கொருவர் கடன்படாமல் வாழ முடிவெடுத்த அன்றைக்கே என்றும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன்.